சின்ன ஏர்போர்ட்டில் பிளேன் ஏறுவது எப்படி?

நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் பஸ் வராவிட்டால் போதும், டைம் கீப்பர் அறை ஜன்னலில் முப்பது தலை முளைத்துவிடும். “என்ன சார், அஞ்சரை வண்டி என்னாச்சு?” என்று அதட்டாத வாய் இருக்காது. அதே முப்பது பேரை ஒரு சின்ன ஏர்போர்ட்டில் கொண்டுபோய் உட்கார வையுங்கள். இரண்டு மணி நேரம் பிளேன் வராவிட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏ.சி. குளிரில் வாய் உறைந்துபோகிறதோ என்னவோ.

இந்தச் சமர்த்துத்தனம் பிறவியில் வருவதில்லை, பழக வேண்டும். பழக்கிக்கொடுக்கத்தான் இந்தக் கையேடு. நான் பாடம் படித்த ஏர்போர்ட் எது என்று சொல்லப்போவதில்லை. படிக்கும்போது ‘அட, நம்ம ஊரு’ என்று தோன்றினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

காலமும் கூடிவந்திருக்கிறது. ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று சொல்லித்தான் உடான் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்கு முதல் விமானம் கிளம்பியது. இப்போது நம் பக்கத்தில் சேலத்திலும் பிளேன் இறங்குகிறது. செருப்போடு பறக்கலாம் என்பது உண்மைதான். நடுவில் ஒருமுறை செக்யூரிட்டியில் கழற்றச் சொல்வார்கள், அவ்வளவே.

பாடம் 1: வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தைக் கணக்கிடுதல்

உள்நாட்டு விமானம் என்றால் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு கவுன்டரை மூடுவார்கள், 25 நிமிடம் முன்பு கேட்டை மூடுவார்கள். இதெல்லாம் விமானக் கம்பெனியின் கணக்கு. வீட்டுக் கணக்கு வேறு.

எங்கள் பெரியப்பா கணக்கு போட்ட விதத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, பிளேன் இரவு ஏழே முக்காலுக்கு. ஒரு மணி நேரம் கவுன்டருக்கு, ஒரு மணி நேரம் செக்யூரிட்டிக்கு, ரயில்வே கேட் போட்டுவிட்டால் அதற்கு ஒரு அரை மணி. ஆக ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் சரி. ஆனால் நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். ஆகவே நாலு மணிக்கே படியிறங்கிவிட வேண்டும். ஏர்போர்ட் எங்கள் வீட்டிலிருந்து பதினோரு கிலோமீட்டர். ரயில்வே கேட் திறந்தே இருந்தது. நாலரைக்குப் போய் இறங்கினோம். பிளேன் அப்போது பெங்களூரில்கூட இல்லை.

பாடம் 2: வழியனுப்ப ஆள் சேர்த்தல்

பயணி ஒருவர் என்றால் வழியனுப்ப வருகிறவர்கள் பன்னிரண்டு பேருக்குக் குறையக் கூடாது. வேன் வைப்பது மரபு. திருச்சிக்குப் புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கமிருந்து ராத்திரி வேன்கள் வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிற பல விமானங்கள் ஊர் தூங்குகிற நேரத்தில்தான் கிளம்புகின்றன. வேனிலேயே தூங்கி, வேனிலேயே எழுந்து, வாசலில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்.

டிக்கெட் இருப்பவரைத்தான் உள்ளே விடுவார்கள். மற்றவர்களுக்குக் கண்ணாடி. சின்ன ஏர்போர்ட்டின் பெரிய வசதி இந்தக் கண்ணாடிதான்; உள்ளே போனவர் எந்த மூலையில் நின்றாலும் தெரியும். “உள்ள போயிட்டியா?” “போயிட்டேன்.” “எங்க நிக்குற?” “மிஷினுக்குப் பக்கத்துல.” “கையை ஆட்டு.” ஒரே நேரத்தில் நாற்பது பேர் கையை ஆட்டுவார்கள், எந்தக் கை யாருக்கு என்று வெளியே இருப்பவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டியது.

இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போகிற அப்பாவுக்காக ஒரு குழந்தை அந்தக் கண்ணாடியில் உள்ளங்கையை அப்பி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையை இறக்கியபிறகும் ஐந்து விரல் தடம் அங்கேயே இருந்தது. இந்தப் பாடத்தில் கிண்டல் பண்ண வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த பாடத்துக்குப் போவோம்.

பாடம் 3: எடை குறைத்தல்

உள்நாட்டுப் பயணத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு வழக்கமாகப் பெட்டியில் 15 கிலோ, கையில் 7 கிலோ. இதை உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. அவர்களைப் பொறுத்தவரை முறுக்குக்கு எடை கிடையாது, பருப்புப் பொடி ‘சும்மா ஒரு டப்பா’, நார்த்தங்காய் கணக்கிலேயே வராது.

கவுன்டர் இயந்திரம் 17.6 என்று காட்டும். கவுன்டர் பெண் உங்களைப் பார்க்க, நீங்கள் இயந்திரத்தைப் பார்க்க, பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். பதற வேண்டாம். பெட்டியை ஓரமாக இழுத்துப்போட்டுத் தரையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் கயிற்றைப் பல்லால் அவிழ்க்கவும். முதலில் வெளியே எடுக்க வேண்டியது துணி. அதை உடம்பில் போட்டுக்கொள்ளலாம். சட்டைமேல் சட்டை, அதன்மேல் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு என்று மூன்றடுக்கில் ஒருவர் மே மாதத்தில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர் முறுக்கில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

சில சாமான்களுக்கு எடையோடு விதியும் உண்டு. பவர் பேங்க் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். மிளகாய் ஊறுகாய் நேரெதிர், கைப்பையில் கூடாது. கொப்பரைக்கு இரண்டு வழியும் அடைப்பு. எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கும் என்று காரணம் சொல்வார்கள். இருமுடியில் தேங்காயைக் கைப்பையாகக் கொண்டுபோக 2024 சபரிமலை சீசனுக்குத் தனியாக அனுமதியே வாங்க வேண்டியிருந்தது. ஆக, ஊறுகாயும் பவர் பேங்கும் ஒரே பைக்குள் போட்டுக் கொண்டுவந்தால் எந்த வரிசையில் நின்றாலும் திருப்பி அனுப்பப்படலாம். சிலர் அதையும் சாதிக்கிறார்கள்.

பாடம் 4: செக்யூரிட்டியில் டிரே பிடித்தல்

இருப்பது ஒரு ஸ்கேனர். டிரேக்களோ அந்தப் பக்கம் போனால் திரும்பி வராத சுபாவம் உள்ளவை. கல்யாணப் பந்தியில் அடுத்த இலைக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அனுபவம் இங்கே கைகொடுக்கும். டிரே கிடைத்ததும் போன், சார்ஜர், பர்ஸ், பெல்ட் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கி நிற்கவும். இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் அது உங்கள் இடுப்பின் சாமர்த்தியம்.

பாடம் 5: உட்கார இடம் தேடாதிருத்தல்

கணக்கு சுலபம். ஏர்பஸ் ஏ320 என்றால் நூற்றெண்பது பேர் அளவில் ஏறுவார்கள். காற்றாடி வைத்த ஏ.டி.ஆர். 72 என்றால் எழுபதுக்குமேல். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு ஏர்பஸ்ஸும் ஒரு ஏ.டி.ஆரும் கிளம்பினால் நானூற்று முப்பது பேருக்கு மேல். எங்கள் கூடத்தில் நாற்காலி நூற்றிருபது. நானே எண்ணினேன், வேறு வேலை இல்லாததால்.

ஏன் மூன்றும் ஒன்றாக வருகின்றன? காலை பதினொன்றிலிருந்து மூன்று வரை அதே கூடத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது, பூனைதான் குறுக்கே போகும். ஆனால் விமானங்கள் ராத்திரி தங்குவது பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற பெரிய இடங்களில். அங்கிருந்து காலையில் ஒரு அலை, சாயங்காலம் ஒரு அலை என்று கிளம்புகின்றன. அங்கே கிடைக்கிற நேரத்தைப் பொறுத்துத்தான் நம் ஊருக்கு வந்துசேரும். ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் என்றால் மண்டபம் என்ன செய்யும்? மண்டபத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, பஞ்சாங்கம் அப்படி.

நாற்காலி கிடைக்காதவர்கள் பிளக் பாயின்ட் பக்கம் போகவும். கூடத்துக்கு ஒன்று இருக்கும், அதில் ஏழு போன் தொங்கும். அங்கே உருவாகும் நட்பு சிலசமயம் சம்பந்தம் பேசுகிற அளவுக்குப் போகும்.

பாடம் 6: கேட் எது என்று அறிதல்

போர்டிங் பாஸில் கேட் 2 என்று போட்டிருப்பார்கள். கேட் 1 எங்கே, கேட் 2 எங்கே என்று குழம்பாதீர்கள். மேலே இரண்டு பலகை, கீழே ஒரே கதவு. சென்னைக்காரர்களும் ஹைதராபாத்காரர்களும் அந்த ஒரே கதவுக்கு ஒரே வரிசையில் நிற்பார்கள். முன்னால் நிற்பவரிடம் “சென்னையா?” என்று கேளுங்கள். அவர் “அப்படித்தான் நினைக்கிறேன்” என்பார்.

கதவைத் தாண்டினால் பஸ். பிளேன் எண்பதடி தூரத்தில் நின்றாலும் பஸ்ஸில்தான் போக வேண்டும். கடைசி ஆள் ஏறும்வரை பஸ் நிற்கும், ஏறியதும் திரும்பும், திரும்பியதும் இறங்கச் சொல்வார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதற்குள் நின்றவர்கள் பிளேனில் உட்கார்ந்திருப்பார்கள்.

பாடம் 7: டீ குடிக்காதிருத்தல்

வெளியே பதினைந்து ரூபாய்க்குக் கிடைப்பது உள்ளே எத்தனை ரூபாய் என்று சொன்னால் இதைப் படிக்கிற என் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிடும். அரசாங்கத்துக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். 2024 டிசம்பரில் கொல்கத்தா ஏர்போர்ட்டிலும் பிறகு சென்னையிலும் ‘உடான் யாத்ரி கஃபே’ திறந்து பத்து ரூபாய்க்கு டீ கொடுத்தார்கள். நம் ஊருக்கு வரும்வரை தண்ணீர் குடித்துப் பழகவும்.

பாடம் 8: புது டெர்மினலுக்காகக் காத்திருத்தல்

பிளேனுக்குக் காத்திருப்பது ஒரு தனிக் கலை என்றால் இது அதன் மேற்படிப்பு. சிலருக்குப் பலித்திருக்கிறது. திருச்சியில் 2009-ல் திறந்த டெர்மினல் நிரம்பி வழிந்து, 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கோயில் கோபுரச் சாயலில் புதியது எழும்பி, 2024 ஜனவரியில் திறப்பு விழா நடந்து, ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. தூத்துக்குடியில் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்தவரை ஏ.டி.ஆருக்குமேல் பெரிசாக எதுவும் இறங்க முடியவில்லை. அதை 3,115 மீட்டராக நீட்டி 2025 ஜூலையில் புது டெர்மினலும் திறந்தார்கள். மதுரைக்காரர்கள் ஓடுபாதை நீட்டிப்புக்கு நிலம் எடுக்கும் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறார்கள்.

புதுக் கூடத்தில் உட்கார இடம் கிடைக்கும், டிரே கிடைக்கும், பிளக் பாயின்ட்கூட இரண்டு மூன்று கிடைக்கும். ஆனால் கட்டடம் பெரிதானதற்காகப் பிளேன் சீக்கிரம் வந்துவிடாது. அதற்குத்தான் அடுத்த பாடம்.

பாடம் 9: தாமதத்தை ஏற்றுக்கொள்ளுதல்

அன்று ஞாயிற்றுக்கிழமை என்றேனே, அந்த ஏழே முக்கால் விமானம். ஏழு மணிக்குப் பலகையில் 8.30 என்று மாறியது. எட்டேகாலுக்கு 9.15 ஆனது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்து, “விமானம் வந்துசேரத் தாமதமாவதால் புறப்பாடு தாமதமாகிறது” என்றது. மாப்பிள்ளை வராததால் தாலி கட்டவில்லை என்பதுபோல மறுக்க முடியாத காரணம்.

உண்மையும் அதுதான். காலையில் கிளம்புகிற ஒரே விமானம் ராத்திரிக்குள் ஐந்தாறு ஊர் போய்வருகிறது. ஒவ்வொரு ஊரிலும் அரை மணி நேரம்தான் நிற்கும். அதற்குள் ஆளை இறக்கி, கூட்டிப் பெருக்கி, எண்ணெய் ஊற்றி, ஆளை ஏற்ற வேண்டும். முதல் ஊரில் இருபது நிமிடம் போனால் அதைப் பிடிக்க வழியில்லை, ஊருக்கு ஊர் ஏறிக்கொண்டே வரும். ஜனவரியில் டெல்லியில் மூடுபனி விழுந்தால் நம் ஊரில் நட்சத்திரம் தெரிகிற ராத்திரியிலும் பிளேன் வராது. நாம்தான் பெரும்பாலும் வரிசையின் கடைசி. பெரிய ஊரில் இன்னொரு விமானம் மாற்றிக்கொடுப்பார்கள். இங்கே மாற்றிக்கொடுக்க வேறு விமானம் நிற்பதில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்தோம்? கவுன்டரில் ஒரு பையன் இருந்தான், இருபத்திரண்டு வயதிருக்கும். அவனிடம் யாரும் போகவில்லை. கோட்டு போட்டவர் ஒருவர் போய் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டார், அவனும் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னான், இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். அவர் திரும்பி வந்ததும் பக்கத்தில் இருந்தவர், “என்ன சொன்னார்?” என்றார். “ஷார்ட்லியாம்” என்றார் கோட்டு. நாங்கள் எல்லோரும் ‘ஷார்ட்லி’யை ஆளுக்கொரு கை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஒன்பது மணிக்குப் பலகையில் 10.00 ஆனது.

பாடம் 10: மேலே சொன்ன ஒன்பதையும் மறத்தல்

என் எதிரே ஒரு பாட்டி இருந்தார். மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போகிறவர், சென்னையில் அடுத்த விமானம் மாற வேண்டும். மடியில் ஒரு மஞ்சள் பை, கையில் பேரன் எழுதிக்கொடுத்த காகிதம். ‘நான் தமிழ் மட்டும் பேசுவேன்’ என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பலகையில் எண் மாறியதை அவரும் பார்த்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நேரே கவுன்டருக்குப் போனார்.

“தம்பி, வண்டி எப்ப வரும்?”

கூடம் முழுக்கக் கேட்டது. பஸ் ஸ்டாண்டில் கேட்கிற அதே குரல். பையன் திடுக்கிட்டு, “பத்து மணி பாட்டி” என்றான்.

“ஏழே முக்காலுன்னுதானப்பா சீட்டுல போட்டிருக்கு?”

“லேட்டு பாட்டி.”

“லேட்டுன்னா சரி. எனக்குச் சர்க்கரை இருக்கு. இத்தனை பேரை உக்கார வச்சிருக்கியே, சாப்பாடு ஒண்ணும் தர மாட்டீங்களா?”

பையன் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தான். போனை எடுத்து யாரிடமோ பேசினான். பிறகு குனிந்து கவுன்டருக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இழுத்தான். உள்ளே வெந்நீர் ஊற்றிச் சாப்பிடுகிற உப்புமா டப்பாக்கள். இரண்டாவது பெட்டியில் தண்ணீர் பாட்டில்கள். அவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கின்றன. முதல் டப்பாவைப் பாட்டிக்குக் கொடுத்தான், மூடியைக் கிழித்து அவனே வெந்நீரும் ஊற்றினான். அதன்பிறகு வரிசை நின்றது. கோட்டு போட்டவருக்கு நாலாவது இடம்.

எனக்குப் பன்னிரண்டாவது. உப்புமாவில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

வீட்டுக்கு வந்தபிறகு விதியைத் தேடிப் படித்தேன். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் எழுதிவைத்திருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட உள்நாட்டுப் பயணத்தில் நீங்கள் நேரத்துக்குச் செக்-இன் செய்திருந்து, விமானம் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவு தர வேண்டும். தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், எது வேண்டும் என்று உங்களைக் கேட்க வேண்டும். மழை, பனி என்றால் நஷ்டஈடு கிடைக்காமல் போகலாம், ஆனால் பசிக்குச் சோறு கேட்பது நஷ்டஈடு இல்லை. புகார் சொல்ல 2016 முதல் ‘ஏர்சேவா’ என்று அரசின் தளம் ஒன்றும் இருக்கிறது.

அந்தப் பையனைத் திட்ட வேண்டாம். பிளேனை அவன் பிடித்து வைத்திருக்கவில்லை, அவனும் சாப்பிட்டிருக்க மாட்டான். ஆனால் அடுத்த முறை பலகையில் எண் மாறும்போது ஆங்கிலம் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்து போய், பஸ் ஸ்டாண்டில் கேட்கிற குரலிலேயே கேளுங்கள்: “தம்பி, வண்டி எப்ப வரும்?”